வாளியில் மிதந்தவை

காலை ஏழே கால். கொடியில் கிடந்த சேலையில் மறுபடியும் வெள்ளைத் தூள். உதறினால் போய்விடும். விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தேன். அரிசி மாவைவிட நைசு.

பத்து நாளாக உயிரியல் ஆய்வாளர் ஒருவருடைய கட்டுரைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டு, தலைப்பு, கூட எழுதியவர்கள், இதழின் பெயர். அவ்வளவுதான் இருக்கும். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

2006இல் பெயர் ரூபன் கிளமெண்ட்ஸ். 2014இல் கோபாலசாமி ரூபன் கிளமெண்ட்ஸ். ஒரே ஆள். முதல் எழுத்தை மாற்றித் தேடினால் பாதிக் கட்டுரைகள் வரும், பாதி வராது.

கோபாலசாமி என்று அச்சில் பார்த்ததும் அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

*

2006, ‘பயோசயின்ஸ்’ இதழ். தென்கிழக்காசியாவின் சுண்ணாம்பு மலைகள் பற்றி. தலைப்பிலேயே ‘பேழை’ என்ற சொல் இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் உயிர்ப் பேழைகள்.

ஏறக்குறைய 4,00,000 சதுர கிலோமீட்டர் சுண்ணாம்பு நிலமாம் இந்தப் பகுதியில்.

என் சமையல்கட்டு ஜன்னலில் தெரிவது அதில் எத்தனை? ஒரு முழம்.

கூட எழுதியவர்களில் ஒருவர் நவ்ஜோத் சோதி. பஞ்சாபில் பிறந்தவர், சிங்கப்பூரில் பேராசிரியர். 2011இல் இறந்துவிட்டார். பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அச்சில் வந்த பெயர் ஆள் போன பிறகும் இருக்கும்.

*

நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அது மலையில் இருக்கிறது. இரண்டு மலைக்கு நடுவில் இருக்கும் மண்ணில் போதிய அளவு இல்லை. அதனால் இந்த மலை நத்தை அந்த மலைக்குப் போவதில்லை. போகாமலே பல ஆயிரம் தலைமுறை. அப்புறம் அது வேறு இனம், இது வேறு இனம்.

அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த தோட்டம் நான்கு மைல். அதற்கே பேச்சு மாறியிருந்தது என்பார். அங்கே ‘வாளி’, இங்கே ‘பால்தோம்பு’.

*

குனோங் ராப்பாட், மலேசியாவின் ஈப்போ அருகே. இங்கிருந்து காடியில் பத்து நிமிடம். குகைக் கோயில்கள் இருக்கும் மலை. சீனப் பெருநாளுக்கு ஆமைக்குக் கீரை போடப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம்.

அங்கே ஒரு நத்தை. ஓபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம். பெயரில் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். முதல் சொல்லுக்கு ‘பின்னால் வாய்’ என்று பொருள் வரும். இரண்டாவது, சின்னப் புழு.

2008இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். நான்கு பேர். கிளமெண்ட்ஸ், லியூ தோர் செங், வெர்மியூலன், ஸ்கில்தாவ்சன்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஓடு.

சாதாரண நத்தையின் ஓடு ஒரே அச்சைச் சுற்றும். மாவு முறுக்குப் பிழிகிற மாதிரி. இதற்கு நான்கு அச்சு. சுற்று மூன்று முறை ஓட்டை விட்டு விலகுகிறது. இரண்டு முறை திரும்ப வந்து ஒட்டுகிறது. கடைசி முறை விலகியது விலகியபடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்காரன் சுருட்டிப் போட்ட ரப்பர் குழாய் மாதிரி.

ஒன்று மட்டும் இப்படித் தவறிப் பிறந்ததில்லை. கிடைத்த ஓடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தனவாம். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஏன் இப்படி என்று தெரிய உயிருள்ள நத்தை கிடைக்க வேண்டும் என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் அதுவரை பார்த்தது எல்லாம் காலி ஓடு.

அடுத்த ஆண்டு, 2009இல், உலகத்தின் பத்துப் புது உயிரினங்களில் ஒன்றாக அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து அறிவித்தார்கள். அந்த ஆண்டு நான் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நத்தை வரைந்திருக்கிறேன். ஒரே அச்சு. ராப்பாட் மலை வகுப்பு ஜன்னலிலேயே தெரியும். ஒரு வரி சொல்லவில்லை. தெரியாது.

*

மாமாவிடம் கைப்பேசியில் காட்டினேன். முப்பது வருடம் குவாரி லோரி ஓட்டியவர்.

“என்னம்மா இது, இடியாப்பமா?”

“நத்தை ஓடு மாமா. ராப்பாட் மலையில இருக்கு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம்.

“உயிரோட பாத்திருக்காங்களா?”

“எழுதுனப்ப இல்ல மாமா. ஓடு மட்டும்தான்.”

“மலைக்கு அடியில மண்ணு கருப்பா, பொலபொலன்னு இருக்கும். மொதல்ல அதத்தான் வழிச்சுத் தள்ளுவோம். அப்புறந்தான் கல்லு.”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

பேராக் மாநிலத்து மலைகளுக்கு எண் இருக்கிறது. பேராக் 01, குனோங் தெம்புரோங். பேராக் 47, கந்தான். பேராக் 55, குனோங் போண்டோக். பேராக் 64, புக்கிட் கெப்பாலா காஜா.

கொட்டாங்கச்சி மலை. குடிசை மலை. யானைத்தலைக் குன்று.

தோட்டத்தில் நிரைக்கு எண் இருந்தது. அம்மாவுடையது 17. சாகும் வரை சீட்டுக் குலுக்கினாலும் 17தான் சொல்வார்.

*

2017, ‘ஸூகீஸ்’. ஃபூன் ஜுன் கிட், கோபாலசாமி ரூபன் கிளமெண்ட்ஸ், லியூ தோர் செங். பேராக்கின் 12 சுண்ணாம்பு மலைகளில் தேடியது. 122 வகை நத்தை.

34 வகை அந்தப் பன்னிரண்டில் ஒரே ஒரு மலையில் மட்டும்.

30 வகைக்கு இன்னும் பெயரே இல்லாமல் இருக்கலாம் என்கிறார்கள்.

ஒரு மலையில் குறைந்தது 39, கூடினால் 63.

முன்னே சொன்ன நான்கு மலை எண்களும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தவைதான். அந்த நான்கு மலையையும் சேர்த்தால் மொத்தத்தில் 91 விழுக்காடு வந்துவிடுகிறது.

இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். வடக்கே கருங்கல் மேட்டில் நிற்கும் மலைகள். தெற்கே ஆற்று வண்டல் பள்ளத்தில் நிற்கும் மலைகள்.

அந்த வண்டலில்தான் ஈயம் இருந்தது. தாத்தா லம்பத்தில், ஈயச் சுரங்கத்தில், வேலை செய்த மண்.

*

நத்தை எடுக்கும் முறை: பாறைக்கு அடியில் மண்ணும் சருகும் அள்ளு. காயவை. வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கு. காலி ஓட்டுக்குள் காற்று இருக்கும். மிதக்கும். சல்லடையால் வழித்தெடு. மறுபடி காயவைத்துப் பூதக்கண்ணாடியில் பிரி.

ஈயம் எடுக்கும் முறை: டூலாங் தட்டில் மண்ணும் தண்ணீரும். சுழற்று. லேசானது போகட்டும். அடியில் கருப்பாகத் தங்குவதுதான் ஈயம்.

ஒன்றில் மிதப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் மூழ்குவதை.

*

பேராக் நத்தைகளை 1885இல் அச்சில் ஏற்றியவர் ஜாக் டி மார்கன். பிரெஞ்சுக்காரர். அதற்கு முந்திய வருடம் கிந்தாப் பகுதியில் சுற்றியிருக்கிறார். சுரங்கத் தொழில் படித்தவர்.

பிறகு பாரசீகத்தின் சூசாவில் அகழ்வு நடத்தினார். ஹம்முராபியின் சட்டக் கல்தூண் அந்த அகழ்வில்தான் கிடைத்தது. 1901, 1902 குளிர்காலம்.

முதலில் நம் ஊர் நத்தை. அப்புறம் ஹம்முராபி.

*

2014. கந்தான் மலையில் ஒரு நத்தைக்குப் பெயர் வைத்தார்கள், வெர்மியூலனும் மர்சூக்கியும். சாரோப்பா லஃபார்ஜி. அங்கே கல் வெட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயர்.

2019இல் அந்த நிறுவனம் கை மாறியது. ஆலை வாசலில் பெயர் மாறியது. நத்தையின் பெயர் மாறாது. விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் விதி அப்படி.

அதே மலையில் ஒரு சிலந்தி, 1997இல் பெயர் வைத்தது. மண்ணில் வளை தோண்டி மூடி போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும். லிஃபிஸ்டியஸ் கந்தான். ஒரு பல்லியும் உண்டு, 2014. அதன் பெயரிலும் கந்தான்.

கந்தான் என்று வாயில் சொல்லும்போது முருகன் பெயர் மாதிரியே வருகிறது. வேறு சொல்தான். ஆனாலும்.

*

பகாங்கில் புக்கிட் பஞ்சிங். அங்கே ஒரு நத்தை இருந்தது. சியாஃபிலம். நிழல் விரும்பி என்று அர்த்தம். 1952இல் ஒரு டச்சுப் பெண்மணி பெயர் வைத்தார், வான் பெந்தம் யுட்டிங்.

மலையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இனம் அழிந்தவை பட்டியலில்.

2008இல் ஸ்கில்தாவ்சனும் கிளமெண்ட்ஸும் அதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். விண்ணிலிருந்து அழிவைப் பின்தொடர்தல் என்பது மாதிரித் தலைப்பு. செயற்கைக்கோள் படத்தில் மலை இருந்த இடம் பார்த்தால் தெரியும்.

மொத்தப் பட்டியலில் மிகச் சின்ன வரிகளில் இதுவும் ஒன்று. இரண்டே பக்கம்.

2014இல் இன்னொரு பகாங் நத்தைக்குப் பெயர் வைத்தார்கள். தெங்கெக் குன்றின் பெயரில். வைக்கும்போதே குன்று இல்லை. ஓடு மட்டும் அருங்காட்சியகத்துப் பெட்டியில் இருந்தது.

பேர் சூட்டு விழா, கருமாதி. ஒரே நாளில். எழுதவே கை நடுங்குகிறது.

*

அம்மாவின் செக்ரோல், தோட்டத்து வருகைப் பதிவேடு. அது அம்மாவுடையது இல்லை, கணக்கெழுதும் கிராணியுடையது. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் குறிப்பார். நாள், நிரை, எத்தனை ராத்தல் பால், ஒட்டுப்பால் தனி. முப்பத்திரண்டு வருடம்.

தோட்டத்தை விற்று, மரத்தைச் சாய்த்து, செம்பனை போட்டு, அப்புறம் வீடமைப்பு வந்தபோது அலுவலகத்துக் கட்டுகளைப் பின்னால் வைத்துக் கொளுத்தினார்கள். நான் பார்த்தேன். சாம்பல் பறந்து லயத்துக் கூரையெல்லாம் விழுந்தது.

அம்மா வேலை செய்ததற்கு இப்போது ஒரு சான்று இருக்கிறது. பால் வெட்டும் கத்தி. கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி.

*

பட்டியலில் நத்தை மட்டும் இல்லை.

2011: ஓர் இனம் அழிவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்க ஒரு கணக்கு. அளவுகோல் 5,000. அந்த எண்ணிக்கைக்கு மேலே இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

2014, ‘பிளாஸ் ஒன்’: தென்கிழக்காசியக் காடுகளில் சாலைகள் எங்கே, எப்படிப் பாலூட்டிகளைக் கெடுக்கின்றன.

2015: கருஞ்சிறுத்தைகள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. தீபகற்பத்தில் சிறுத்தை அநேகமாக எல்லாமே கருப்பு. புள்ளி தெரிந்தால்தான் இது வேறு, அது வேறு என்று எண்ண முடியும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தால் கருப்புக்குள் புள்ளி தெரிகிறது. பகலில் தெரிவதில்லை. அதனால் தானியங்கிக் கேமராவின் வெளிச்ச உணரியை மறைத்துவிட்டார்கள். கேமராவுக்கு இருபத்து நாலு மணி நேரமும் இரவு.

நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று சிறுத்தை.

இடம், திரெங்கானு. கென்யிர்க் காட்டு வழித்தடம். நடுவே நெடுஞ்சாலை போகிறது.

*

நம் ஊர் முச்சந்தியிலிருந்து கிழக்கே ஏறும் சாலை. எண் 185. கேமரன் மலைக்குக் காய்கறி வாங்கப் போகிற வழி என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வோம். கம்போங் ராஜாவோடு திரும்பிவிடுவோம்.

வரைபடத்தில் விரல் வைத்துப் போனேன். லோஜிங். குவா மூசாங். ஆரிங். கென்யிர்.

*

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. பாட்டியின் டப்பா. ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்வார்களாம். இங்கே கல்லைச் சுட்டது. “கல்லுச் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துப்போடும்” என்பார். ஆனாலும் போடுவார்.

தீபாவளிக்கு முன் லயத்துக்கு வெள்ளையடிப்பு. வாளியில் சுண்ணாம்பு கொதிக்கும். நெருப்பில்லாமல் கொதிப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடுவோம்.

இங்கே வெட்டும் கல் நல்ல வெள்ளை. மாவாக அரைக்கிறார்கள். பெயிண்ட். பிளாஸ்டிக். பற்பசை. காகிதமும்: வழவழப்புக்கும் வெண்மைக்கும் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பதுண்டு.

அந்த 2017 கட்டுரையை ஈப்போவில் ஒரு கடையில் அச்செடுத்தேன். 94 பக்கம். நல்ல வெள்ளைத் தாள்.

*

1973 அக்டோபர். ஈப்போ, குனோங் சீரோ. மலையிலிருந்து பெரிய பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகள் மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 பேர் போய்விட்டார்கள். கல்லுமலைக் கோயில் பக்கம்.

அம்மா அதற்குப் பிறகு தைப்பூசத்துக்குப் போனாலும் மலையை அண்ணாந்து பார்க்கமாட்டார். தரையைப் பார்த்துத்தான் நடப்பார்.

தரையைப் பார்த்து நடப்பவர் கண்ணில்தான் நத்தை படும்.

*

வெர்மியூலன் ஆர்க்கிட் மலர்களிலும் பெயர் பெற்றவர். அதில் ஒரு பேரினத்துக்குப் பெரிய நூலே எழுதியிருக்கிறார். நத்தையும் ஆர்க்கிடும். இரண்டும் பாறையில் ஒட்டிக்கொண்டு இருப்பவை.

கிளமெண்ட்ஸ் பட்டியலில் 2008இல் இன்னொன்று. 43 சுண்ணாம்பு மலைகள், தீபகற்பமும் சபாவும். எந்த மலையை முதலில் காப்பாற்றுவது என்று நத்தையை வைத்து வரிசைப்படுத்தும் முயற்சி. எதை முதலில் என்றால், எதை விடுவது என்றும் ஆகிறது. அப்படி ஒரு கணக்குப் போட உட்கார்ந்தவர்களுக்கு இரவில் தூக்கம் வந்திருக்குமா.

*

சனிக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மலையின் அடி. கோயில் சூலத்துக்குப் பத்தடி தள்ளி. இரண்டு கை மண் அள்ளினேன். அதற்கு மேல் எடுக்க மனமில்லை.

மாமா சொன்னது சரி. கருப்பு. பொலபொல.

முறைப்படி காயவைக்க வேண்டும். நான் காயவைக்கவில்லை. பொறுமை இல்லை.

நீல வாளி. குழாய்த் தண்ணீர். அகப்பைக் காம்பால் கலக்கினேன். முதலில் சருகுத் துண்டு, வேர்த்தூள், ஒரு எறும்பின் இறக்கை. பிறகு தண்ணீர் கொஞ்சம் அடங்கியதும் விளிம்போரமாக வெளுப்பாக ஏதோ. குருணை அரிசி மாதிரி.

தேத்தண்ணீர் வடிகட்டியால் வழித்துக் கருப்புத் தட்டில் தட்டினேன். பேத்தியின் பூதக்கண்ணாடி.

எல்லாமே ஓடு.

பதினொன்று. ஒன்று கூம்பு. இரண்டு தட்டையாக, பொத்தான் மாதிரி. ஒன்றின் வாய்விளிம்பு எக்காளம் மாதிரி மடிந்திருக்கிறது. ஒன்றில் வரிவரியாகச் சன்னமான முகடுகள், அடுக்கடுக்காக. மூச்சு விட்டால் பறக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

நான்கு அச்சு எதிலும் இல்லை. அது ராப்பாட்டில் இருப்பது. இது வேறு மலை.

மாமா பின்னால் வந்து நின்றார்.

“இம்புட்டும் அந்தக் கைப்பிடி மண்ணுலயா?”

“ஆமாம் மாமா.”

ஒன்றும் பேசவில்லை. முற்றத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு லோரிக்கு எத்தனை கைப்பிடி இருக்கும்” என்றார். என்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

*

மாத்திரைக் குப்பி ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் போட்டுவைத்தேன். சீட்டு ஒட்ட வேண்டும். தேதி எழுதினேன். இடம்?

இந்த மலைக்கு எண் எது, எனக்குத் தெரியாது. மலாய்ப் பெயரும் கேட்டதில்லை. மாமா ‘பின்னால மலை’ என்பார். தோட்டம் இருந்த காலத்தில் ‘பத்தாம் நிரை மலை’.

பத்தாம் நிரை மலை என்றே எழுதினேன்.

*

வாளியைக் கவிழ்க்கப் போய் நின்றுவிட்டேன்.

காலி ஓடுதான் மிதக்கும். உயிரோடு இருப்பது உள்ளே உடம்பு நிறைந்திருக்கும். கனம். மூழ்கும்.

மேல் தண்ணீரை மெல்லச் சாய்த்தேன். அடியில் தங்கிய சேற்றை அகப்பையால் வழித்து வாழையிலையில் வைத்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அள்ளிய இடத்தில் கைக்குழி அப்படியே இருந்தது. அதிலேயே கொட்டி, மேலே பழைய சருகை இழுத்துவிட்டேன்.

“மிதிச்சிடாதம்மா” என்றார் மாமா. வெளிச்சத்தை என் காலடியில் பிடித்தார்.